கணக்கு எழுதிய கைகள் – 17: பெஹாலாவுக்கு டேலி வந்த வழி

சௌரவ் கங்குலி 2022 ஜூன் 1-ம் தேதி ட்விட்டரில் எழுதிய ஒரு குறிப்பு அன்று மாலை முழுக்க நாட்டைப் பேச வைத்தது. கிரிக்கெட்டுக்கு வந்து முப்பது ஆண்டு ஆகிறது, பலருக்கும் உதவக்கூடிய ஒரு காரியத்தைத் தொடங்கப்போகிறேன், உங்கள் ஆதரவு வேண்டும் என்பது அதன் சாரம். அப்போது அவர் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவர். அதற்கு முந்தைய மாதம், மே 6-ம் தேதிதான், உள்துறை அமைச்சர் அமித் ஷா கொல்கத்தாவின் பெஹாலாவில் உள்ள அவர் வீட்டுக்கு வந்து இரவு உணவு சாப்பிட்டிருந்தார். இது போதாதா? பதவியை விட்டுவிட்டார், அரசியலில் குதிக்கிறார் என்று செய்தி பறந்தது. வாரியச் செயலாளர் ஜெய் ஷா மறுப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. கடைசியில் தெரிந்தது, அது கிளாஸ்பிளஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தோடு சேர்ந்து அவர் இறங்கவிருந்த வேலை.

கிளாஸ்பிளஸ் மாணவர்களிடம் எதையும் விற்பதில்லை. ட்யூஷன் எடுக்கும் ஆசிரியருக்கு அவர் பெயரிலேயே ஒரு செயலி செய்து கொடுக்கிறது. வகுப்பு, தேர்வு, கட்டண வசூல் எல்லாம் அதற்குள் நடக்கும். வாங்குபவர் ஆசிரியர்தான் என்பதால் இதுவும் தொழில் நடத்துவோருக்கான மென்பொருள்தான். மேற்கு வங்கத்தில் இந்தச் சந்தை எத்தனை பெரியது என்பதற்குக் கல்வி நிலை பற்றிய ஏசர் 2022 அறிக்கையே சாட்சி. கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழ 74 சதவீதம் பேர் அங்கே காசு கொடுத்து ட்யூஷன் போகிறார்கள். அந்த மாநிலத்து ட்யூஷன் வாத்தியார்களிடம் பேச 'தாதா' என்று அழைக்கப்படும் கங்குலியைவிடப் பொருத்தமான முகம் கிடைக்காது.

இருந்தாலும், தொழில் மென்பொருள் பெஹாலாவுக்குள் நுழைந்த உண்மையான வரலாறு இதைவிட முப்பது ஆண்டு பழையது, சத்தமே இல்லாதது. அதில் பிரபலம் எவரும் இல்லை. சென்ற அத்தியாயத்தில் படாபஜார் மார்வாடி வணிகர்களின் பஹிக் கணக்கைப் பார்த்தோம். இந்த முறை கொல்கத்தாவின் தென்மேற்கு மூலைக்கு, டயமண்ட் ஹார்பர் சாலைக்கு வருவோம்.

வடக்கே தாராதலா, 1952-ல் திறக்கப்பட்ட நாணயச் சாலை அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே பெஹாலா பஜார், சௌரஸ்தா, சாகேர் பஜார், தாகுர்புகூர், ஜோகா. 2022 டிசம்பர் 30-ல் தொடங்கிவைக்கப்பட்ட மெட்ரோ இந்தத் தடத்தில் தலைக்கு மேலே ஓடுகிறது. சாகேர் பஜாரை ஒட்டிய பரிஷாவில்தான் சாபர்ண ராய் சௌத்ரி குடும்பத்தின் பழைய கச்சேரி மண்டபம். சுதானுட்டி, கலிகாதா, கோவிந்தபூர் என்ற மூன்று கிராமங்களின் வரிவசூல் உரிமையை 1698-ல் கிழக்கிந்தியக் கம்பெனி 1,300 ரூபாய்க்கு வாங்கியது இந்தக் குடும்பத்திடம்தான். சாலையின் தென்கோடியில் ஜோகா. இந்தியாவின் முதல் ஐ.ஐ.எம், 1961-ல் தொடங்கியது, இன்று அங்கே இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே நகைக்கடை, புடவைக்கடை, ஹார்ட்வேர், மருந்து மொத்த வியாபாரம், மிட்டாய்க்கடை என்று வரிசையாகக் கடைகள். நம் கதை இந்தக் கடைகளின் கல்லாவுக்குப் பக்கத்தில் நடக்கிறது.

கணினிக்கு முன் அந்தக் கல்லாவின் பக்கத்தில் இருந்தது சிவப்புத் துணி அட்டை போட்ட நீண்ட கணக்குப் புத்தகம், கேரோ காதா. வங்காளப் புத்தாண்டான பொய்லா பொய்ஷாக் அன்று புதுப் புத்தகம் திறப்பார்கள். அதற்கு ஹால்காதா என்று பெயர். விடியற்காலையிலேயே புத்தகத்தை எடுத்துக்கொண்டு காளிகாட்டிலோ தக்ஷிணேஸ்வரத்திலோ வரிசையில் நிற்பார்கள். முதல் பக்கத்தில் குங்குமத்தால் ஸ்வஸ்திகா. ஒரு நாணயத்தைக் குங்குமத்தில் தோய்த்து முத்திரை போல அழுத்துவதும் உண்டு. நம் ஊரில் மூலையில் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி போடுவது போலத்தான். மாலையில் வாடிக்கையாளர்கள் வருவார்கள். பழைய பாக்கியைக் கொஞ்சமாவது கட்டுவார்கள். கடைக்காரர் மிட்டாய்ப் பெட்டியும் புது நாள்காட்டியும் கொடுப்பார். கடன் வசூலையும் உறவையும் ஒரே நாளில் முடித்துவிடும் இந்த ஏற்பாட்டைவிட அழகான வணிக வழக்கம் எனக்குத் தெரிந்து இந்தியாவில் குறைவு.

புத்தகத்தை எழுதியவர் முதலாளி அல்ல, முஹுரி. நம் கணக்குப்பிள்ளை. சிட்டையில் குறித்து, பேரேட்டில் ஏற்றி, ஆண்டு முடிவில் ஐந்தொகை போட்டுக் காட்டுவது அவர் வேலை. முதலாளிக்குத் தன் வியாபாரம் தெரியும், கணக்கு தெரியாது. இந்த இடைவெளிதான் முஹுரியின் பிழைப்பு. பின்னால் மென்பொருள் வந்து நுழைந்ததும் இதே இடைவெளியில்தான்.

கொல்கத்தாவுக்கும் கணினிக்கும் உறவு பழையது, கசப்பானதும்கூட. இந்தியாவின் முதல் கணினி என்று சொல்லப்படும் எச்.இ.சி-2எம், 1950களின் நடுவில் பாராநகரில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குத்தான் வந்தது. அடுத்த பத்தாண்டில் எல்.ஐ.சி., பிரபோர்ன் சாலையில் உள்ள இலாகோ ஹவுஸில் கணினி வைக்க முயன்றபோது ஊழியர்கள் இரவு பகலாகக் காவல் இருந்து தடுத்தார்கள். அந்தப் பயத்தை இன்றைக்கு எள்ளி நகையாடுவது எளிது. நான் அப்படிச் செய்ய மாட்டேன். சணல் ஆலைகள் நொடித்து, தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக இடம்பெயர்ந்துகொண்டிருந்த ஊரில், குமாஸ்தா வேலை என்பது லட்சக்கணக்கான குடும்பங்களுக்குக் கடைசிப் பிடிமானம். லேக் மார்க்கெட் பக்கம் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில் பலவும் ஆங்கிலேயக் கம்பெனிகளின் கணக்குப் பிரிவையும் சுருக்கெழுத்து மேசையையும் நம்பி ரயிலேறி வந்தவைதான். 1977-ல் ஆட்சிக்கு வந்த இடதுசாரி முன்னணியும் வெகுகாலம் அந்தப் பயத்தின் பக்கமே நின்றது.

ஆக, பெரிய அலுவலகத்தின் வாசலில் கணினி நின்றுபோன நகரம் இது. அதே நகரத்தின் சின்னக் கடைக்குள் அது எப்படிப் புகுந்தது?

கதையின் அடுத்த முனை பெங்களூரில் இருக்கிறது. ஷியாம் சுந்தர் கோயங்கா என்ற தொழிலதிபர் தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் உள்ள ஆலைகளுக்கும் ஜவுளி மில்களுக்கும் மூலப்பொருளும் உதிரிபாகமும் வழங்கிவந்தார். தன் கணக்கைப் பார்த்துக்கொள்ள ஒரு மென்பொருள் தேடினார். தோதானது எதுவும் கிடைக்கவில்லை. மகன் பரத் கோயங்கா எழுதத் தொடங்கினார். 1986-ல் இருவரும் பியூட்ரானிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதுதான் 1999-ல் டேலி சொல்யூஷன்ஸ் என்று பெயர் மாறியது.

அந்தக் காலத்துக் கணக்கு மென்பொருள்களில் ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் எண் உண்டு. மின்கட்டணத்துக்கு ஓர் எண், இன்ன வியாபாரிக்கு இன்ன எண் என்று பட்டியலை மேசையில் ஒட்டிவைத்துத்தான் தட்டச்சு செய்ய வேண்டும். கோயங்கா அதை ஒழித்துவிட்டார். பெயரை எழுதினால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். புதுக் கம்பெனி ஒன்றைத் திறந்தால் 28 கணக்குக் குழுக்கள் தயாராக இருக்கும். ரொக்கம், லாப நஷ்டம் என்று இரண்டு பேரேடுகளும் கூடவே இருக்கும். பணம் கொடுத்தால் எஃப்5, வந்தால் எஃப்6, விற்றால் எஃப்8, கொள்முதல் என்றால் எஃப்9. மவுஸ் வேண்டாம். விரல் பழகிய கணக்கர் திரையைப் பார்க்காமலே ஒரு நாளின் பில்களை ஏற்றிவிடுவார். கடன் வைத்திருப்பவர்கள் 'சண்ட்ரி டெப்டர்ஸ்' என்ற குழுவின் கீழ் பெயர் பெயராக வந்து நிற்பார்கள், கேரோ காதாவில் நின்ற அதே வரிசையில்.

இதைப் பொருளின் சிறப்பு என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். டேலியின் முதல் விற்பனை உத்தியே இந்த வடிவமைப்புதான் என்பது என் கருத்து. தொழில் மென்பொருளை விற்பதில் ஒரு தீராத சிக்கல் உண்டு. காசு கொடுப்பவர் ஒருவர், பயன்படுத்துபவர் இன்னொருவர். 1972-ல் ஐ.பி.எம்மை விட்டு வந்த ஐந்து பொறியாளர்கள் ஜெர்மனியில் தொடங்கிய எஸ்.ஏ.பி., பெரிய நிறுவனங்களின் மேலதிகாரிகளையும் அவர்களுடைய ஆலோசகர்களையும் பிடித்தது. 1983-ல் அமெரிக்காவில் இன்ட்யூட் தொடங்கிய ஸ்காட் குக், பிராக்டர் அண்ட் கேம்பிளில் வீட்டுச் சாமான் விற்றுப் பழகியவர். மென்பொருள் வாங்கியவரின் வீட்டுக்கே ஆளனுப்பி, அவர் அதை எப்படித் திறக்கிறார், எங்கே தடுமாறுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வைத்தார். இந்தியச் சிறுகடையில் இந்த இரண்டுமே நடக்காது. மேலதிகாரி கிடையாது, முதலாளி கணினியைத் தொடவும் மாட்டார். அங்கே தீர்ப்புச் சொல்பவர் வாரம் இரண்டு நாள் வந்து கணக்கெழுதும் பகுதிநேரக் கணக்கர். பெஹாலாவில் அப்படி ஒருவர் ஐந்தாறு கடைகளைச் சுற்றுவார். "என்ன சாஃப்ட்வேர் போடலாம், தாதா?" என்று முதலாளி கேட்பார். "டேலி போடுங்க, எனக்கு அதுதான் வரும்" என்பது பதில். அத்தோடு விற்பனை முடிந்தது.

ஆகவே நிறுவனம் வளர்க்க வேண்டியிருந்தது வாங்குபவர்களை அல்ல, எழுதத் தெரிந்த கைகளை. இதற்கு மூன்று வழிகள் அமைந்தன. அவற்றில் ஒன்று நிறுவனம் விரும்பாமலே அமைந்தது.

விரும்பாததை முதலில் சொல்லிவிடுகிறேன். 1990களில் கொல்கத்தாவின் சாந்தினி சௌக் நம் சென்னை ரிச்சி தெருவைப் போலவே உதிரிபாகம் வாங்கிக் கணினி கட்டும் சந்தையாக இருந்தது. கட்டிய கணினியோடு டேலியின் திருட்டு நகலும் சேர்ந்தே கடைக்குப் போகும். நகலெடுப்பதைத் தடுக்கக் கணினியின் பின்புறம் செருகும் பூட்டை நிறுவனம் கொடுத்துப் பார்த்தது. பூட்டை உடைத்த நகல்களும் வந்தன. நிறுவனத்துக்கு இது பெரிய இழப்பு, அது திருட்டுதான், அதை நியாயப்படுத்த முடியாது. ஆனால் வரலாறு எழுதுகிறவன் விளைவையும் பதிய வேண்டும். உரிமம் வாங்கிய கடைகளைவிடப் பல மடங்கு கடைகளில் அந்த நகல்கள்மூலம் டேலி பழகிய கணக்கர்கள் உருவானார்கள்.

இரண்டாவது வழி, பார்ட்னர்கள். தலைமையகத்திலிருந்து ஆளனுப்பிக் கடைகடையாக விற்பது கட்டுப்படியாகாது. உள்ளூரில் கணினிக் கடை வைத்திருப்பவர், கணக்கெழுதுபவர், பயிற்சி மையம் நடத்துபவர் என்று பலரும் டேலி பார்ட்னர் ஆனார்கள். மென்பொருளை விற்பது தொடக்கம் மட்டுமே. கடைக்குக் கடை பில்லின் வடிவம் வேறு, ஸ்டாக் வைக்கும் முறை வேறு. அதை மாற்றிக் கொடுக்க டி.டி.எல் என்ற நிரல்மொழியை நிறுவனமே திறந்துவிட்டது. நகைக்கடைக்குக் கிராமும் செய்கூலியும் தனித்தனியாக வர வேண்டும், மருந்துக் கடைக்கு பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் வர வேண்டும். பார்ட்னர் அதை எழுதிக் கொடுத்து அதற்குத் தனியாகக் காசு வாங்கலாம். பார்ட்னருக்குப் பிழைப்பு கொடுத்த மென்பொருளை அவர் கைவிடுவாரா? எத்தனை விளம்பரம் கொடுத்தாலும் வாங்க முடியாத விசுவாசம் இது.

மூன்றாவது வழிதான் என்னை மிகவும் ஈர்ப்பது, வகுப்பறை. டேலியை உரிமம் வாங்காமலே கற்றுக்கொள்ள ஒரு கல்வி வடிவம் உண்டு. எல்லா வசதியும் அதில் இருக்கும். தேதி மட்டும் மாதத்தின் 1, 2, 31 ஆகிய நாட்களைத் தவிர வேறெதையும் ஏற்காது. கடை நடத்த அது உதவாது, பழக அது போதும். டயமண்ட் ஹார்பர் சாலையின் மாடிகளில் கணினிப் பயிற்சி மையங்களின் பலகைகளைப் பாருங்கள், டேலி என்ற பெயர் பெரிதாக இருக்கும். பி.காம் முடித்த பையனும் பெண்ணும் அங்கே போய், ஒரு கற்பனைக் கடையின் கொள்முதல் எல்லாம் 1-ம் தேதி, விற்பனை எல்லாம் 2-ம் தேதி என்று எழுதிப் பழகுவார்கள். மூன்று மாதம் கழித்து ஹார்ட்வேர் கடையில் வேலைக்குச் சேரும்போது அவர்களுக்குத் தெரிந்த ஒரே மென்பொருள் இதுதான். நேர்முகத் தேர்வில் முதலாளி கேட்பதும் இதைத்தான். பயிற்சிக் கட்டணத்தைக் கட்டியது மாணவரின் குடும்பம்; அதனால் விற்பனைக்கு ஆள் சேர்ந்தது நிறுவனத்துக்கு. வீட்டுக்கு வீடு ஒரு பட்டதாரி வேலை தேடிக்கொண்டிருந்த பெஹாலா போன்ற புறநகரில் இது எத்தனை ஆழமாக வேரோடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இத்தனை இருந்தும், சிவப்புப் புத்தகமே போதும் என்று இருந்த கடைகள்தான் அதிகம். அவர்களை அசைத்தது சட்டம். அந்தச் சட்டத்தின் ஊற்றுக்கண் கொல்கத்தாவில்தான் இருந்தது என்பது இந்த அத்தியாயத்தின் முக்கியமான செய்தி.

அசீம் தாஸ்குப்தா, எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற பொருளியல் பேராசிரியர். 1987 முதல் 2011 வரை இடதுசாரி முன்னணி அரசின் நிதியமைச்சர். மாநிலங்களின் விற்பனை வரியை ஒழித்து மதிப்புக்கூட்டு வரி (வாட்) கொண்டுவர 2000-ல் அமைத்த மாநில நிதியமைச்சர்கள் குழுவுக்கு அவரே தலைவர். கணினியைத் தடுத்த தொழிற்சங்கங்களின் அதே அரசியல் முகாமைச் சேர்ந்தவர், சிறுகடைகளைக் கணினியின் பக்கம் தள்ளிய வரியைக் கட்டி எழுப்பினார். 2005 ஏப்ரல் 1-ல் மேற்கு வங்கம் உட்படப் பெரும்பாலான மாநிலங்களில் வாட் வந்தது. வணிகர் சங்கங்கள் கடையடைப்பு நடத்தின. தமிழ்நாடு 2007 ஜனவரி 1-ல்தான் சேர்ந்தது.

வாட் வந்ததும் கடைக்காரருக்கு என்ன மாறியது? கொள்முதலில் கட்டிய வரியை விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு ஒவ்வொரு கொள்முதல் பில்லும் வரி வீத வாரியாகப் பதிவாகியிருக்க வேண்டும். இதுவரை கணக்கு தவறினால் முதலாளிக்குத் தலைவலி மட்டுமே; இப்போது கையிலிருந்து காசு போகும். அந்த ஆண்டே டேலியில் வாட் வசதி வந்தது. 2006-ல் தமிழ், வங்காளம் உள்ளிட்ட இந்திய மொழிகளும் சேர்ந்தன. பார்ட்னர் கடைக்குள் போய் மென்பொருளின் பெருமை பேச வேண்டிய அவசியம் போயிற்று. ரிட்டர்ன் போட வேண்டிய கடைசித் தேதியைச் சொன்னால் போதும்.

ஜி.எஸ்.டி. இதையே இன்னும் இறுக்கியது. 2017 ஜூன் 30 நள்ளிரவில் நாடாளுமன்ற மைய மண்டபத்தில் அதைத் தொடங்கிவைத்தவர் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி. இளமையில் கொல்கத்தாவில் தபால் தந்தித் துறையின் துணைத் தலைமைக் கணக்காயர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். 1963-ல் தென் 24 பர்கானாஸின் வித்யாநகர் கல்லூரியில் பாடம் நடத்தியவர். அந்த நள்ளிரவுக் கூட்டத்தைத் திரிணமூல் காங்கிரஸ் புறக்கணித்தது. சிறுவணிகர்கள் இன்னும் தயாராகவில்லை என்று மாநில நிதியமைச்சர் அமித் மித்ரா திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இணையதளம் திணறியது, படிவங்கள் மாறிக்கொண்டே இருந்தன, அந்த ஆண்டின் துர்கா பூஜை விற்பனைக் காலத்தில் கணக்கர்கள் இரவு முழுக்கக் கண்விழித்தார்கள்.

ஜி.எஸ்.டியில் ஒரு நுட்பம் உண்டு. விற்றவர் தன் பில்லை இணையத்தில் ஏற்றினால்தான் வாங்கியவருக்கு வரிக்கழிவு கிடைக்கும். தாராதலாவில் இருக்கும் ஒரு பெரிய நிறுவனம், தனக்குச் சாமான் கொடுக்கும் பெஹாலா சிறுவியாபாரியிடம், "உங்கள் பில் என் கணக்கில் வரவில்லை, பணத்தை நிறுத்திவைக்கிறேன்" என்று சொல்ல முடியும். அடுத்த மாதமே அந்தச் சிறுவியாபாரி கணினிக்கு மாறிவிடுவார். மென்பொருளை விற்கும் வேலையை வாடிக்கையாளரின் வாடிக்கையாளரே செய்யும் நிலை இது. பிறகு மின்னணு விலைப்பட்டியல் வந்தது. 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் செய்பவர்களுக்கு மட்டும் இருந்த கட்டாயம், படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்ட் 1-ல் 5 கோடிக்கு வந்தது. ஒவ்வொரு படி இறங்கும்போதும் புதிதாக ஒரு கூட்டம் மென்பொருள் தேடி வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல், பதிவான கணக்கை யார் எப்போது திருத்தினார் என்ற தடத்தை அழிக்க முடியாத மென்பொருளைத்தான் கம்பெனிகள் பயன்படுத்த வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்துவிட்டது.

பரத் கோயங்காவுக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே ஆண்டு டேலிபிரைம் வெளியானது. உலகமெங்கும் சிறுதொழில் கணக்கில் கொடிகட்டிப் பறக்கும் இன்ட்யூட்டின் குவிக்புக்ஸ், 2023-ல் இந்தியச் சந்தையை விட்டு வெளியேறியது.

இப்போது களத்தில் இருப்பவர்கள் வேறு. இணையத்தில் இயங்கும் ஜோஹோ புக்ஸ் 2011 முதலே இருக்கிறது. பெங்களூரின் வியாபார், காதாபுக் போன்ற கைப்பேசிச் செயலிகள் நேரே முதலாளியிடம் பேசுகின்றன. காதாபுக் 2020-ல் தோனியையே அழைத்து வந்தது. கணக்கர் வேண்டாம், நீங்களே பில் போடுங்கள், கடன் பாக்கியை நினைவூட்டும் செய்தியை வாட்ஸ்அப்பில் நாங்கள் அனுப்புகிறோம் என்பது அவர்கள் கொடுக்கும் வாக்குறுதி. ஹால்காதா மாலையில் மிட்டாய்ப் பெட்டி செய்த வேலையை அந்தச் செய்தி செய்துவிடுமா என்பதில் எனக்குப் பெருத்த சந்தேகம் உண்டு. ஆனால் பகுதிநேரக் கணக்கரின் இடம் ஆட்டம் கண்டிருப்பது உண்மை. 20 கடைகளின் ஜி.எஸ்.டி. ரிட்டர்னைப் போட்டுப் பிழைத்தவர் இன்று 12 கடைகளோடு நின்றுபோனால், அவர் பரிந்துரையால் வளர்ந்த நிறுவனங்கள் அவருக்கு என்ன செய்யும் என்ற கேள்வியை யாரும் இன்னும் எழுப்பவில்லை. எழுப்பியாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

கணக்கரைச் சுற்றிக்கொண்டு போகாமல் ஆடிட்டர்களின் அலுவலகம் வழியாக உள்ளே வந்த தமிழ்நாட்டு மென்பொருள்களின் கதையை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)